பீன்ஸ் பாத்தியும் சனிக்கிழமை வேனும்

எங்கள் அண்ணன் தப்படிப்பார், பாட்டும் கட்டுவார். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்து முன்னால் இருக்கிற பீன்ஸ் பாத்தி ஓரத்தில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் மெட்டுப் போடுவார். குழந்தை அழுதால் அதுவும் ஒரு சுதி.

இன்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தார்.

"சனிக்கிழம லயம் பாக்க வெளிநாட்டு ஆளுங்க வர்றாங்க. வேன் நிறுத்த எடம் வேணும். இந்த பீன்ஸ பிடுங்கிடுப்பா."

"இப்பத்தாங்க பூத்திருக்கு. காய் பறிக்கிற வரைக்கும் விடுங்கய்யா" என்றார் அண்ணன்.

"நெலம் தோட்டத்துது தம்பி. அப்புறம், நீதான் தப்படிச்சு வரவேற்கணுமாம். நம்ம மேனேஜர் தொரை ஆசையா கேட்டாரு."

நான் சும்மா இருப்பேனா? "ஐயா, பீன்ஸுக்கும் ஒரு மால போட்டு வழியனுப்புவோமா?" என்றேன்.

அண்ணி முறைத்தார். அவர் கொழுந்து பறிப்பதும் இதே தோட்டத்தில்தான்.

சாயங்காலம் அண்ணன் எல்லாக் கொடிகளையும் பிடுங்கினார். மூத்த மகள் கொடிக் கம்புகளைப் பொறுக்கி அடுக்கினாள்.

"அப்பா, இந்தக் கம்ப திரும்ப எப்ப நடுவோம்?"

"நட மாட்டோம்மா. சனிக்கிழம தப்பு காய்ச்ச நெருப்பு வேணும்ல."

தோல் சூடேறினால்தான் தப்பு பேசும். எங்கள் கம்பை எரித்து, எங்கள் பாத்தியில் நிற்கப்போகும் வேனுக்கு வரவேற்பு.

வந்தவர்கள் கைதட்டிப் படம் எடுத்துப் போடுவார்கள். கண்ணில் பட்டால் அண்ணனுக்கு ஒரு லைக் போடுங்கள். பீன்ஸை மட்டும் தேடாதீர்கள், அது வேனுக்கு அடியில் இருக்கும்.