நூற்றுப் பதினெட்டாவது தப்படி

அலுவலக நடைபாதையில் அத்தை தாவிக்கொண்டிருந்தார். தரையில் எழுபத்தாறு சென்டிமீட்டருக்கு ஒரு சாக்பீஸ் கோடு. நான்தான் போட்டுக் கொடுத்தேன். அத்தை குள்ளம், ஒவ்வொரு கோட்டை எட்டும்போதும் உடம்பு ஓர் ஆட்டம் ஆடி அடங்கியது. வாய் மட்டும் வழக்கின் வாதத்தை விடவில்லை.

முப்பது வருடமாகக் காட்டு வழக்கு மட்டும்தான் எடுக்கிறார். "என் கட்சிக்காரங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அவங்களுக்கும் சேர்த்து நானே பேசறேன்" என்பார். வாதாடும்போது மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். வாதம் சூடேறினால் அது எங்கோ போய்விடும். எதிர்த்தரப்பு வக்கீலே இரண்டு முறை தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இந்த முறை ஒரு கல் குவாரி. காட்டோரம் வெடி வைக்க அனுமதி கேட்கிறது. அங்கே ஓடை இருந்தால் அனுமதி கிடையாது. 'ஓடையே இல்லை, வெறும் புதர்' என்கிறது. இருக்கிறது என்பதற்கு ஒரே சாட்சி, வனக்காவலராக இருந்த அத்தையின் அண்ணன் எழுதிய ரோந்து நோட்டு. அவர் என் அப்பா. இறந்து ஐம்பத்திரண்டு நாள்.

"செத்தவரைக் கூண்டுல ஏத்தப் போறீங்களா மேடம்?" என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"அவர் கால் ஏறும் சார்!"

சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கால் எவ்வளவு எட்டும் என்று அவருக்குத் தெரியாது. அப்பா மீட்டரில் எழுதியதில்லை. 'ஏழாம் எல்லைக் கல்லிலிருந்து நேர் மேற்கே 118 தப்படி. ஓடை.' அவ்வளவுதான்.

நான் நில அளவைப் பொறியாளன். நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். மூன்றாம் கல்லுக்கும் நான்காம் கல்லுக்கும் 250 தப்படி என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அரசு ஆவணத்தில் அதே தூரம் 190 மீட்டர். வகுத்தேன். 0.76. அப்பாவின் நடை கால்குலேட்டரில் வந்து நின்றது. அத்தைக்குப் போன் போட்டு அந்த எண்ணைச் சொன்னேன்.

"டேய் இன்ஜினியர்! உங்கப்பனை எழுப்பிக் கொண்டாந்துட்டியேடா!"

"அளவு நாடா பிடிச்சாப் போதும் அத்தை."

"நாடாவும் பிடி. ஆனா எங்கண்ணன் எழுதினது நடை. நடந்து காட்டினாத்தான் நோட்டு நிக்கும். வந்து கோடு போடு."

மறுநாள் காலை. இடத்தைப் பார்க்க நீதிமன்றம் அனுப்பிய ஆணையர் ஒரு மணி நேரம் கொடுத்தார். ஏழாம் கல்லில் நான் திசைகாட்டியைப் பிடித்தேன். அத்தை செருப்பைக் கழற்றி எதிர்த்தரப்பு வக்கீலிடம் நீட்டினார்.

"பிடிங்க சார். எப்படியும் நீங்கதான் எடுத்துத் தரப் போறீங்க."

ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணிக்கொண்டே தாவினார். தொண்ணூறில் ஆளுயரப் புதர் தொடங்கியது. "பாம்பு இருக்கும் மேடம்!" என்று பின்னாலிருந்து கத்தினார் செருப்பும் கையுமாக நின்றவர்.

"அதுவும் என் கட்சிக்காரர்தான் சார்!"

நூற்றுப் பத்தில் அத்தை கண்ணுக்கே தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "நூத்திப் பதினாறு... பதினேழு..."

சளக்கென்று ஒரு சத்தம்.

புதருக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. முழங்கை வரை நீர் வழிந்துகொண்டிருந்தது.