அண்ணன் கால் புண்

மாறனுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கஃபேயில் அவன் ரொட்டி சுடுகிறான். புளித்த மாவின் மூடியைத் திறந்தாலே போதும், இன்னும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று சொல்லிவிடுவான். அந்த மூக்கே அண்ணன் ராமதாஸ் காலில் புண் வந்தபோது அவனுக்கு எமனாகிவிட்டது.

ராமதாஸ் டிப்பர் லாரி ஓட்டியவன். சர்க்கரை வியாதி, அதோடு குடி. பெண்டாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டோடு போய்விட்டாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய பழைய வீட்டில் அவன் தனியாகக் கிடந்தான். வலது பாதத்தில் முள் குத்திய இடம் ஆறாமல் குழிந்து, ஓரம் கறுத்து, சீழ் பிடித்தது. தினமும் கழுவிக் கட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, எப்படிக் கட்டுவது என்பதையும் மாறனுக்குக் காட்டி அனுப்பினார்கள்.

மாறனின் மனைவி சிந்துஜா அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டாள். "சோறு வேணும்னா ஆக்கித் தர்றேங்க. அந்தாளு காலை நான் தொட மாட்டேன். குடிச்சிட்டு வந்து என்னை இன்னா பேச்சு பேசினாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவள் சொன்னது நியாயம்.

அவன் பௌத்தத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஒரு மாடி அறையில் ஏழெட்டுக் குடும்பங்கள் கூடுவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஞ்சசீலம் சொல்லி, கண்ணை மூடி உட்காருவார்கள். அங்கே அவனுக்குப் பிடித்த பாடம் முயற்சி. வராத கெட்ட எண்ணத்தை வரவிடாதே, வந்ததை விரட்டு, வராத நல்லதை வரவழை, வந்த நல்லதைக் காப்பாற்று. விடியற்காலையில் எழுந்து உட்கார்வதை அவன் ஒருநாள்கூட விட்டதில்லை. அதில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வமும் உண்டு.

அண்ணன் வீட்டு வாசலில் அந்தக் கர்வமெல்லாம் கரைந்துபோயிற்று. கதவைத் திறந்தாலே அழுகல் நாற்றம் முகத்தில் அடிக்கும். கட்டிலுக்கு அடியில் ஒரு கொட்டாங்கச்சி. அதில்தான் ராமதாஸ் காறித் துப்புவான். பாதிநாள் குறி தவறித் தரையில் விழுந்து காய்ந்து கிடக்கும். புண்ணைச் சொறிந்த விரலாலேயே இட்லியைப் பிட்டுத் தின்பான்.

"வாங்க புத்தரே!" என்று சிரிப்பான். "இன்னா, மூஞ்சி சுளிக்குது? கருணை கம்மியா இருக்கா?"

கட்டுத்துணியைப் பிரிக்கும்போது அது தோலோடு ஒட்டிக்கொண்டு மஞ்சளாக நூல் இழுக்கும். மாறன் வாயால் மூச்சு விடுவான். அருவருப்பை விரட்டப் பார்ப்பான், அது போகாது. கருணையை வரவழைக்கப் பார்ப்பான், அது வராது. வேலைக்குப் போய் மாவில் கை வைத்தாலும் விரலில் சீழ் நாற்றம் இருப்பதுபோலவே இருக்கும். சோப்பு போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, மறுபடி சோப்பு போடுவான்.

ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள். மாறன் போனபோது ராமதாஸ் போதையில் கிடந்தான். முந்தின நாள் கட்டிய கட்டின் மேலேயே வாந்தி எடுத்து வைத்திருந்தான். மாறன் எல்லாவற்றையும் வாரிக் கழுவி, புதுக்கட்டு கட்டினான். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான்.

"நாளைக்கு நான் வரமாட்டேன்ணா. பௌர்ணமி. ரோடெல்லாம் மறிச்சிடுவாங்க."

"வராட்டி போடா. உன்னை யாரு வெத்தலை பாக்கு வச்சிக் கூப்பிட்டாங்க?"

ரோட்டை மறிப்பார்கள் என்பது உண்மை. கொஞ்ச தூரம் நடந்தால் போய்விடலாம் என்பதும் உண்மை. மாறன் மாடி அறைக்குப் போனான். அன்றைக்கு உட்கார்ந்ததுபோல் அவன் என்றைக்கும் உட்கார்ந்ததில்லை. மனம் தெளிந்த குளம் மாதிரி இருந்தது. எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று சொல்லும்போது கண் கலங்கியது. மறுநாள் கஃபேயில் கூட்டம் ஜாஸ்தி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்றைக்கும் போகவில்லை.

அதற்கடுத்த காலை கிளம்பினான். பாதை நெடுக எச்சில் தொன்னைகள், மிதிபட்ட பொங்கல், குழந்தைகளின் அழுக்கு நாப்கின், அதன் மேல் ஈ. புண்ணியம் தேடி வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன குப்பை. 'என்ன ஜனங்கள்!' என்று மனத்துக்குள் காறித் துப்பிக்கொண்டே நடந்தான்.

பக்கத்துப் பெட்டிக்கடை வேணு அவனைக் கண்டதும் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"இன்னாப்பா மாறா, ரெண்டு நாளா ஆளைக் காணோம்? உங்க அண்ணன் ராத்திரியெல்லாம் கத்தினு இருந்தாரு. நாத்தத்துல எங்களுக்கே சோறு இறங்கல. போன் போட்டா நீ எடுக்கல."

உள்ளே ராமதாஸ் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். கட்டைப் பிரித்ததும் மாறனுக்கு முதலில் புரியவில்லை. சதைதான் அசைகிறதோ என்று குனிந்து பார்த்தான். புழு. வெள்ளை வெள்ளையாக, குழிக்குள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்துகொண்டிருந்தன.

வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்தபடி நிமிர்ந்தபோது பாதையில் கிடந்த தொன்னைகள் கண்ணில் பட்டன. தின்றுவிட்டு எறிந்தவர்களுக்கும், புண்ணைக் கட்ட வராமல் விட்டவனுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் மலையைச் சுற்றினார்கள். இவன் கண்ணை மூடி உட்கார்ந்தான். மனம் குளமாக இருந்த அந்த நேரத்தில்தான் ஈ முட்டையிட்டிருக்கும். அந்த அமைதியை நினைக்க நினைக்க, புழுவைவிட அது அவனுக்கு அதிகம் குமட்டியது.

வேணுவின் உதவியோடு ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முன்பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

"நான் ரெண்டு நாள் கட்டல டாக்டர். அதனாலயா?"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு நாள்ல வந்தது இல்லங்க இது. ஆனா விட்டிருக்கக் கூடாது."

அடுத்த பௌர்ணமிக்கு அவன் மாடி அறையில் அதைச் சொன்னான். "விடியற்காலை உட்கார்றதை நான் விட்டதே இல்ல. அண்ணன் காலை விட்டுட்டேன்." யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அதுவே அவனுக்கு நல்லதாக இருந்தது.

ராமதாஸ் வீடு திரும்பிவிட்டான், வெட்டிய இடம் இன்னும் ஆறவில்லை. மாறன் இப்போது விடிந்தும் விடியாததுமாக அடி அண்ணாமலைக்குப் போய்விடுகிறான். உட்கார நேரம் மிஞ்சினால் உட்காருகிறான். கருணை வரட்டும் என்று காத்திருப்பதை நிறுத்திவிட்டான். அது வந்தாலும் வராவிட்டாலும் கட்டைப் பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், கட்ட வேண்டும். ராமதாஸ் குடியை விடவில்லை, குறைத்திருப்பதாகச் சொல்கிறான். சிந்துஜா இன்றுவரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

போன வாரம் ஒருநாள், பாதி கழுவும்போதே ராமதாஸ் இருமி, மாறனின் கைமேலேயே கோழையைத் துப்பிவிட்டான். மாறன் எழுந்து பின்பக்கம் போனான். குழாயடியில் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தான்.

"வாந்தி எடுத்தியா?" என்றான் ராமதாஸ்.

"ஆமா."

ராமதாஸ் கூரையைப் பார்த்தான். "எனக்கே என்னைப் பார்த்தா குமட்டுதுடா. உனக்குக் குமட்டாதா இன்னா?"

அன்றைக்கு அவன் 'புத்தரே' என்று கூப்பிடவில்லை. மாறன் புதுத்துணியைப் பிரித்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கழுவத் தொடங்கினான்.