ஒரிஜினலே ஓடட்டும்

முகமது யாசினிடம் இந்த ஊரில் யாரும் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்தது கிடையாது. நாகல் நகரில் இருக்கும் அவனுடைய சவுண்டு சர்வீஸ் கடைக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போய், "பாய், போன வாரம் சாணார்பட்டியில ஒரு கச்சேரி, அங்க வச்சு..." என்று ஆரம்பித்தால் போதும். "மழையில நனைஞ்சிருச்சு. காய விடாம ஆன் பண்ணிட்டீக. டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. வச்சிட்டுப் போங்க" என்பான். அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அதுதான் கெடுதல். நாலு தடவை தப்பாகிப் போயிருந்தால் அடங்கியிருப்பான். பத்துக்கு ஒன்பது சரியாகப் போனதில், எதிரில் நிற்கிறவனுக்கு வாயே தேவையில்லை என்கிற முடிவுக்கு வந்துவிட்டான்.

நான் முத்துக்கிருஷ்ணன். பகலில் சின்னாளபட்டிச் சேலை விற்கிறவன். திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேடு வாசிப்பேன். அதே குழுவில் கிதார் வாசித்தவன் சகாயராஜ். யாசினுக்கு நான் சிநேகிதன் என்றால் சகாயராஜ் உயிர்.

நடந்ததை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துச் சுவாரசியமாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், சகாயராஜ் யாசினிடம் ஒரு யோசனை கேட்டான். அவன் கேட்டது தன் நெஞ்சுக்குள் இருந்த வால்வைப் பற்றி. யாசின் பதில் சொன்னது ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த வால்வைப் பற்றி. இரண்டுக்கும் எங்கள் ஊரில் ஒரே பெயர்தான். டாக்டரும் வால்வு என்கிறார், யாசினும் வால்வு என்கிறான், தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிறவரும் வால்வு என்கிறார்.

சகாயராஜிடம் இருந்தது, உள்ளே பல்பு மாதிரி எரிகிற கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர். அதை ஹெட் என்பார்கள். ஸ்பீக்கர் பெட்டி கீழே தனியாக இருக்கும்; அதன் மேல் உட்காரும் பெட்டிதான் ஹெட். கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்கார வாத்தியார் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. யாசினும் சகாயராஜும் அதைக் கொடைரோட்டிலிருந்து பாசஞ்சர் வண்டியில் மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தார்கள். இருபது கிலோ. இறங்கும்போது இரண்டு பேருக்கும் கால் மரத்துப்போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அதைத் தொடுகிற உரிமை யாசினுக்கு மட்டும்தான். அந்தத் தைக்கு முந்தைய கிறிஸ்துமஸ் கச்சேரியில் அது லேசாக இரைந்தது. யாரோ ஒருவர் மேடையிலேயே, "வால்வ மாத்துங்கப்பா" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். யாசினுக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாசினின் அக்கா சைதூனுக்கு அதற்கு நாலு வருஷம் முன்பு மதுரையில் இருதய வால்வு மாற்றினார்கள். இருபது நாள் யாசின் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். அக்கா இன்றைக்கும் மாடிப்படி ஏறிப் போய் வடகம் காயப்போடுகிறாள். ஆகவே சகாயராஜ் சரியான ஆளிடம்தான் யோசனை கேட்க வந்தான்.

அன்று நானும் கடையில் இருந்தேன். யாசின் ஏதோ ஒரு மிக்சரைத் திறந்து போட்டுக்கொண்டு குனிந்திருந்தான். சகாயராஜ் வந்தான். செத்த நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "யாசினு, வால்வு மாத்தணும்ங்கிறாங்க. நீதான் கூட இருந்து பாத்தவன், அதான் ஒன்னய ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றான்.

யாசின் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"எவன் சொன்னான்? ஒருத்தன் சொல்றதயும் கேக்காத அப்பு. ஒரிஜினல் வால்வு அது. இப்ப வாரதெல்லாம் டூப்ளிகேட்டு, ஆறு மாசம் தாங்காது. கழட்டிட்டா பெறகு பழசு மாதிரி வராது."

"அப்ப வேணாங்கிறியா?"

"ஒரிஜினலே ஓடட்டும். நிக்கிறப்ப பாத்துக்கலாம்."

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. யாசின் அப்படி வெட்டிப் பேசினால் சிரிப்பது எனக்குப் பழக்கம். சகாயராஜும் சிரித்தான். "சரி, வாரேன்" என்று போய்விட்டான்.

ஆவணியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். பழுதான வால்வில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். இடது கை, இடது கால் விழுந்துவிட்டன. பிழைத்தான். மூன்று மாதம் கழித்து மதுரையிலேயே வால்வையும் மாற்றினார்கள். கால் ஓரளவு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. கிதாரில் ஸ்வரத்தைப் பிடிக்கிற கை அது.

அவன் சரிந்த அன்று நானும் யாசினும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சகாயராஜின் மனைவி அறிவுச்செல்வி வெளியே நின்றிருந்தாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னாள்.

"தையிலயே மாத்தச் சொன்னாங்கண்ணே. யாசினக் கேட்டேன், வேணாம்னுட்டான், ஒரிஜினலே ஓடட்டும்னான் அப்டின்னு வந்து சொன்னாரு. ஒங்க அக்காவுக்குப் பண்ணுனவுக, ஒங்களுக்குத் தெரியாததான்னு நானும் விட்டுட்டேன்."

யாசின் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைத்தான் சொன்னான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? வேறு இடத்தில் சொன்னால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். யாசின் வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து, "என் நாக்க அறுக்கணும் முத்து" என்றான். பிறகு அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அறிவுச்செல்வியிடம் சொல்லவில்லை, சகாயராஜிடமும் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு போவான், வெயிலைப் பற்றிப் பேசுவான், எழுந்து வந்துவிடுவான். சொல்லிவிட்டால் சகாயராஜ் தன் முகத்தில் விழிக்கமாட்டான் என்று பயந்தான். சொல்லாமல் இருந்தாலோ சோறு இறங்கவில்லை. அந்த இரண்டரை வருஷத்தில் அவன் பாதியாகிவிட்டான்.

கடையிலும் மாறிப்போனான். வருகிறவர்கள் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். முடித்த பிறகும், "அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பான். வாடிக்கையாளர்களுக்கு இது பழகவே இல்லை. "பாய்க்கு என்னமோ ஆயிருச்சு" என்று என்னிடம் வந்து விசாரித்தார்கள்.

இந்தப் பங்குனியில் சகாயராஜே போன் செய்தான். ஹெட்டைக் கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுக்கப்போகிறானாம். போட்டால் கீச்சென்று கத்துகிறதாம். சின்ன வால்வுகளை மாற்றித் தர வேண்டும் என்றான். யாசின் போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து புது வால்வுகளை எடுத்துப் பையில் போட்டான். பிறகு, "நீயும் வா. இன்னைக்குச் சொல்லிர்றேன்" என்றான்.

மத்தியானம் போனோம். அறிவுச்செல்வி வேலைக்குப் போயிருந்தாள். சகாயராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், இடது கை மடியில் கிடந்தது. ஹெட்டின் பின்பக்கத்து மூடியைக் கழற்றினால் பெரிய வால்வுகள் இரண்டு, ஓரமாகக் கட்டைவிரல் அளவில் சின்னவை மூன்று. கிதாரிலிருந்து வருகிற மெல்லிய சத்தத்தை முதலில் வாங்கி வளர்ப்பவை அந்தச் சின்னவைதான். யாசின் ஹெட்டை ஆன் செய்து, அவை சிவக்கிறவரை பொறுத்திருந்து, பென்சிலின் பின்முனையால் ஒவ்வொன்றையும் லேசாகத் தட்டினான். இரண்டு சும்மா இருந்தன. முதலாவதைத் தட்டியதும் ஸ்பீக்கரில் டிங்கென்று மணி அடித்தது.

"இதுதான்" என்றான். "மூணையுமே மாத்திருவோம்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறும்வரை காத்திருந்தோம். சகாயராஜ் தன் மாமா வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசினான். யாசின் காதில் எதுவும் ஏறவில்லை. பிறகு துணியால் சுற்றிப் பிடித்து, இப்படியும் அப்படியும் இம்மி இம்மியாக ஆட்டி, நேர் மேலாக உருவினான். அடியில் ஒன்பது ஊசிகள். புதியதை எடுத்து, ஊசிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துப் பொருத்தி அழுத்தினான்.

சோதித்துப் பார்க்க யாராவது வாசிக்க வேண்டும். நானும் யாசினும் கிதார் அறியாதவர்கள். சகாயராஜ், "எடுத்து மடியில வை" என்றான். இடது கை கிடந்த இடத்திலேயே கிடக்க, வலது கையால் வெறும் தந்திகளை மேலிருந்து கீழே ஒரு தடவை இழுத்தான். சத்தம் சுத்தமாக, நிறைவாக வந்தது. எந்தப் பாட்டுக்கும் சேராத சத்தம்.

"புதுசு நல்லாத்தான இருக்கு" என்றான் சகாயராஜ்.

யாசின் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பு, அன்னைக்கு நீ கேட்டப்ப நான் இந்த வால்வத்தான் சொன்னேன். சத்தியமா ஒன் நெஞ்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒன்னயத் தூக்கிட்டுப் போயிருப்பேன்."

"தெரியும்" என்றான் சகாயராஜ்.

"முத்து சொன்னானா?"

"யாரும் சொல்லல. எனக்கு அன்னைக்கே தெரியும். டூப்ளிகேட்டுன்னு சொன்னியே, அப்பவே."

யாசினுக்குக் கோபம் வந்தது. எழுந்தே நின்றுவிட்டான். "அப்பறம் ஏன்லே வாயத் தெறக்கல? ஹெட்டு இல்லப்பா, நெஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு ஒனக்கு என்ன?"

"பயம்லே. நெஞ்சப் பொளந்து பண்ணுவாங்கன்னதும் பயந்துட்டேன். வேணாம்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதும்னு இருந்துச்சு. நீ சொன்ன. அதை எடுத்துக்கிட்டுப் போயி அறிவுகிட்டயும் சொல்லிட்டேன். ஒம் பேர்ல பழியப் போட்டுட்டேன் யாசினு, என்னய மன்னிச்சுக்க."

இத்தனை நாள் தான் கேட்கவேண்டும் என்று யாசின் சுமந்து திரிந்த மன்னிப்பைச் சகாயராஜ் கேட்டுவிட்டான். யாசின் அழுதான். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதான். சகாயராஜ் வலது கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், சகாயராஜ் மெதுவாகச் சொன்னான்:

"ஆனா ஒடனே போயிரல. ஒங் கடைக்கு எதுக்க, வண்டி மேலயே ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். ஹெட்டத் தூக்கிட்டு வராம சும்மா எதுக்குலே வந்தன்னு நீங்க ரெண்டு பேருல ஒருத்தர் வெளிய வந்து கேப்பீகன்னு நெனச்சேன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

யாசின் அன்று குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். வண்டி மேல் அவன் அப்படி உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடிக் கதவு வழியாக நன்றாகப் பார்த்தேன். யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.