நூறு வயது அண்ணை

அகதி முகாம் சமையலறைச் சுவர், ரண்டர்ஸ், டென்மார்க், 1986

இன்று டேனிஷ் வகுப்புக்கு வராதவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்கவும்.

ரீச்சர் எங்களைப் பூங்காவில் உள்ள கல் நடைபாலத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊரை விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்துப் பாலம். துளி சீமெந்தும் இல்லாமல், நடுவில் இறுக்கிய ஒரு கல் இரண்டு பக்கத்தையும் தாங்குகிறது.

டேனிஷில் பாலம் ‘புறோ’, சகோதரன் ‘புறோர்’. காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“எங்கள் பழைய புறோ. வயது நூறுக்கு மேல்” என்று ரீச்சர் கையைக் காட்டினார். அந்த நேரம் பாலத்தின் நடுவில் ஒரு கிழவர் வாத்துகளுக்குப் பாண் போட்டுக்கொண்டு நின்றார்.

“மச்சான், அவர் ரீச்சரின்ர அண்ணையாம். நூறு வயசாம்!” என்றான் யோகன்.

எனக்குச் சரியாகத்தான் விளங்கியிருந்தது. ஆனாலும், “ஓமடா, போய்க் கை குடு” என்றேன்.

போனான். இரண்டு கையாலும் பிடித்து, தெரிந்த டேனிஷில் நூறு வயதுக்கு வாழ்த்துச் சொன்னான். ரீச்சர் ஓடிப்போய் விளக்க, கிழவர் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எனக்கு எழுபத்தொன்றுதான், புறோர். நாளைக்கு வீட்டுக்குக் கோப்பி குடிக்க வா.”

யோகனை மட்டும்தான் கூப்பிட்டார். சரியாக விளங்கிய என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது யோகன் நாளைக்குப் போட்டுப்போக என்னுடைய நல்ல சேர்ட்டை இரவல் கேட்கிறான்.

கொடுக்கலாமா? கீழே பென்சிலால் எழுதுங்கள்.