கல்லறைப் புல்லின் உண்ணி

எங்கள் சைபீரியக் காட்டில் பனி உருகியதும் உண்ணிகள் கிளம்பும். ஜூன் தாண்டினால் அடங்கும். அதுவரை கபா அத்தை வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்துப்போய், ஒட்டியவற்றைக் குப்பிகளில் எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவாள். யாரைக் கடித்தாலும் அந்த உண்ணியைக் கொண்டுவரச் சொல்லி ஊரையே அதட்டுவாள். அதில் மூளைக்காய்ச்சல் கிருமி இருந்தால் கடிபட்டவருக்கு உடனே ஊசி போட்டுவிடலாம்.

போன வருடம் ஈஸ்டருக்குப் பின், கல்லறைகளுக்கு முட்டையும் அப்பமும் கொண்டுபோகும் நாளில், அவளும் கணவர் யெவ்சேயும் மாமியார் கல்லறைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று வாரத்தில் யெவ்சேய் மூளைக்காய்ச்சலில் போய்விட்டார். தாயின் பக்கத்திலேயே புதைத்தோம்.

இந்த வருடம் அந்தப் புல்லிலிருந்தே பதினாறு உண்ணிகளைக் கொண்டுவந்தாள். அவற்றின் மரபணுவைப் பார்த்தேன்.

"பதினாறுல ஒன்பது வம்சம் இருக்கு அத்தை."

"அவரக் கடிச்சது எந்த வம்சம்னு சொல்லு."

"அதுக்கு அந்த உண்ணி வேணுமே. எங்க வச்சிருக்கீங்க?"

காலிக் குப்பிகளை ஒவ்வொன்றாக மூடினாள்.

"நல்ல நாளும் அதுவுமா உங்ககிட்ட எதுக்கு ஓடணும்னு, வீட்டுக்கு வந்து பிடுங்கின கையோட அடுப்புல போட்டுட்டேன்டி."