கை எறங்குது

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருந்த காலம். ஆரணியாறு ஏரியில் விழும் இடத்தில் தூண்டில் போட்டுப் பிழைத்தவன் சிங்காரம். சும்மா இருக்கத் தெரியாத கை அவனுடையது. மீன் கடிக்கவில்லை என்றால் மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள். இவன் தூண்டில் முள்ளை அவிழ்த்து வேறு மாதிரி கட்டிப் பார்ப்பான்.

அந்த ஆற்றுவாயில் ஆண்கள் தூண்டில் போடுவார்கள். நீர் வற்றும்போது பெண்கள் இறங்கி, குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். இறங்கும் முன் "கை எறங்குது!" என்று குரல் கொடுப்பார்கள். "கயிறு ஏறுது!" என்று பதில் சொல்லி ஆண்கள் தூண்டிலைத் தூக்கிவிட வேண்டும். பதில் வராவிட்டால் தண்ணீரில் முள் இல்லை என்று அர்த்தம். சிங்காரத்தின் மனைவி பச்சையம்மாவுக்கு ஒரு குறும்பும் உண்டு. கடல்நீர் திரும்பி ஏறும் நேரம் கரையேறியதும், அவன் மறுபடி போட்ட கயிற்றை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துவிட்டுப் போவாள். மீனென்று துள்ளி எழுவான் இவன். தினமும் ஏமாறுவான்.

ஒருநாள் கோட்டைத் துறையில் ஒரு கப்பல்காரனைப் பார்த்தான். நீளக் கயிற்றில் வரிசையாக முள் கட்டி, நுனியில் ஈயக் குண்டு கோத்து எறிந்துவிட்டு, அந்த ஆள் நிம்மதியாகப் புகை பிடித்துக்கொண்டிருந்தான். கயிறு தானே வேலை செய்தது. சிங்காரத்துக்குத் தூக்கம் போயிற்று.

"கைல புடிக்காத கயித்த எப்டிடா நம்புறது?" என்றான் கூட்டாளி துளசிங்கம்.

"புடிச்சினே குந்தினா கூடை ரொம்புமா? போட்டுத்தான் பாப்போமே."

போட்டான். கொடுவா மீன் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. புதுசாக ஒன்றைச் செய்து பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பாவி கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டிவிட்டு, பிடித்த மீனைக் காட்டக் கோட்டை வாசலுக்குப் போனான். பச்சையம்மா வந்தாள். குரல் கொடுத்தாள். முளை பதில் சொல்லுமா? பதில் வராததால் முள் இல்லையென்று நம்பி இறங்கினாள். முட்கள் கையிலும் சேலையிலும் மாட்டிக்கொண்டன. நீர் திரும்பி ஏறியது. துளசிங்கம் ஓடிவந்து கயிற்றை அறுத்துத் தூக்கியபோது உயிர் இல்லை. அறுந்த பாதி முட்களோடும் ஈயக் குண்டோடும் சேற்றில் போயிற்று.

அதன்பின் பெண்கள் அங்கே இறங்கவில்லை. பச்சையம்மா காலைப் பிடித்து இழுக்கிறாள் என்று ஊரில் பேச்சு. சிங்காரம் மட்டும் பழைய ஒற்றை முள்ளோடு அதே இடத்தில் உட்கார்ந்தான். நீர் திரும்பும் நேரம் அவன் கயிறு இரண்டு முறை வெடுக்கென்று இழுபடும். தூக்கினால் மீன் இருக்காது. முதல் தடவை எழுந்து ஓடினான். பிறகு அதற்காகவே வந்தான். அறுந்த கயிறுதான் அடியில் புரண்டு உரசுகிறது என்று உள்ளூரத் தெரியும். தெரிந்தும் இறங்கி அதை எடுக்க மனம் வரவில்லை.

மகள் தெய்வநாயகி வளர்ந்து, அவளும் இறால் தடவப் போனாள்.

"நைனா, மத்த எடத்துல ஒண்ணுமே இல்ல. நாளைக்கு அம்மா எடத்துல எறங்கப் போறேன். பேயா இருந்தாலும் எனக்கு அம்மாதானே, என்னை இன்னா பண்ணிடப் போறா?"

சிங்காரம் தன் தூண்டில் முள்ளைப் பார்த்தான். பேய் ஒன்றும் செய்யாது. முள் செய்யும்.

மறுநாள் நீர் வற்றத் தொடங்கியதுமே, மகள் வருவதற்கு முன், அவன் இறங்கினான். "கை எறங்குது!" என்று தன்னையறியாமல் கூவினான். கரையில் யாருமில்லை. சேற்றைத் தடவினான். துருவேறிய முள் உள்ளங்கையில் ஏறியது. கத்தவில்லை, அப்படியே இழுத்தான். கயிறு வந்தது, ஈயக் குண்டு வந்தது, ஒரு முள்ளில் சேலைத் துணுக்கும் வந்தது.

மகள் வந்து குரல் கொடுத்தாள். கையில் கயிறே இல்லாமல் "கயிறு ஏறுது!" என்றான். கூடை நிறைய இறாலோடு அவள் கரையேறினாள்.

காயம்பட்ட கையால் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்தான். நீர் திரும்பியது. கயிறு அசையவில்லை.

"பச்சை, ஒரே ஒரு தபா இழேன்" என்று தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினான்.

அசையவில்லை. அவனுக்குப் பச்சையம்மா அன்றைக்குத்தான் செத்தாள்.