எனக்கு முந்தி வந்தவர்

மதுவிலக்கைத் தளர்த்தியிருந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களில், மானகிரி போகும் சாலையில் இருந்த சாராயக்கடையில் அவரைப் பார்ப்பேன். சலவை வேட்டி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. கம்பி வலைக்குள் கடைக்காரர் நிற்பார். வெளியே எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு கத்துவார்கள். இவர் மட்டும் கை கட்டி நிற்பார். தனக்கென்று கேட்கவே மாட்டார்.

ஒருநாள் நான் போய் நின்றதும் என் தோளைத் தொட்டுக் கடைக்காரரிடம் சொன்னார்: “இவுக எனக்கு முந்தி வந்தவுக. முதல்ல இவுகளுக்கு ஊத்துங்க.”

எனக்கு உடனே கிளாஸ் வந்தது.

“நீங்கதானே முந்தி வந்தீக?” என்றேன்.

“எனக்குன்னு கேட்டா அவருக்குக் காது கேக்காது. உங்களுக்குன்னு கேட்டா கேக்குது.”

அதற்கு மேல் நான் எப்படிக் குடிப்பது? “இவுகளுக்கும் ஊத்துங்கண்ணே” என்று நானே கத்தினேன். தலையை அசைத்துவிட்டு, கிளாஸை வாங்கிக்கொண்டு ஓரமாகப் போனார். மறுநாள் வேறொருவருடைய தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

சாராயக்கடைகளை மூடிய பிறகு ஒருநாள், மண்ணெண்ணெய்க் கடையில் ஒரே நெரிசல். எனக்குப் பின்னால் டின்னோடு அவர் நின்றார். எனக்கும் அந்த வித்தையைச் செய்து பார்க்க ஆசை வந்தது.

“இவுக எனக்கு முந்தி வந்தவுக” என்றேன்.

அவருக்கு ஊற்றினார்கள். அடுத்து எனக்காக அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் டின்னை மூடினார், என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், போய்விட்டார். எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எவ்வளவு மரியாதையாகத் தலையை அசைத்தார்!